தஞ்சைச் சுவரின் வண்ணங்கள்: மூலிகையா, மண்ணா?

மங்கல நிகழ்ச்சிகளில் ஆரத்தி எடுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தட்டிலுள்ள நீரில் மஞ்சள் பொடியைக் கரைக்கிறார்கள். அதில் சிறிது சுண்ணாம்பைச் சேர்க்கிறார்கள். மறுகணமே மஞ்சள் நீர் செக்கச்செவேல் என்று சிவந்துவிடுகிறது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் பொருள் காரத்துடன் சேரும்போது சிவப்பாக மாறும் என்பதே இதன் காரணம். சுண்ணாம்பு ஒரு வலுவான காரம்.

இந்தச் சிறு உண்மையை நினைவில் வைத்துக்கொண்டு நம் நாட்டுப் பழங்கோயில் ஓவியங்களைப் பார்ப்போம். சித்தன்னவாசலுக்குச் சென்றாலும், தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் பேசினாலும், "இவையெல்லாம் மூலிகைச் சாறுகளால் தீட்டப்பட்டவை, அதனால்தான் ஆயிரம் ஆண்டுகள் அழியாமல் நிற்கின்றன" என்று சொல்வதைக் கேட்கிறோம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுவர்களில் பூசப்பட்டிருப்பது சுண்ணாம்புச் சாந்து. இலைச்சாறும் பூச்சாறும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குமா? தாங்கினாலும் நூற்றாண்டுக் கணக்கில் ஒளியைத் தாங்குமா? அப்படியானால் அந்த வண்ணங்கள் எவை? ஒன்றோடொன்று கலந்துவிட்ட வண்ணங்களை விஞ்ஞானி எவ்வாறு பிரித்து அறிகிறார்? இவ்வினாக்களுக்கு விடை தேடிய வரலாற்றின் முதற்பக்கம் எழுதப்பட்டதில் அண்ணாமலை நகருக்கும் ஒரு பங்கு உண்டு.

சுவருக்குள் மறைந்த சுவர்

தஞ்சைப் பெரிய கோயில் முதலாம் இராசராசன் காலத்தில் கட்டப்பெற்று 1010ஆம் ஆண்டில் நிறைவு எய்தியது. அதன் விமானம் ஏறத்தாழ 66 மீட்டர் உயரம் உடையது. கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்கள் உண்டு. உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே இருண்ட ஒரு சுற்றுப்பாதை செல்கிறது. இப்பாதையின் சுவர்களில் ஓவியங்கள் இருந்தன. பார்த்தவர்கள் அவற்றைத் தஞ்சை நாயக்கர் காலத்தவை என்று மதிப்பிட்டனர். அம்மதிப்பீடு தவறன்று, மேலே தெரிந்தவை நாயக்கர் கால ஓவியங்களே.

1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி அந்த இருட்டுப் பாதைக்குள் விளக்குடன் சென்று ஆராய்ந்தார். அப்பல்கலைக்கழகம் தோன்றி அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. மேற்பூச்சு சில இடங்களில் உதிர்ந்து கிடந்தது. உதிர்ந்த இடத்தில் கருங்கல் தெரியவில்லை. வேறு ஓர் ஓவியம் தெரிந்தது. கோட்டின் நயமும் உருவங்களின் உயிர்ப்பும் மேலே இருந்த ஓவியங்களினின்று முற்றிலும் வேறுபட்டவை. அவை சோழர் கால ஓவியங்கள். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் பழைய ஓவியத்தின் மேலேயே புதுச்சாந்து பூசிப் புதிய ஓவியம் தீட்டியிருந்தனர். சுந்தரர் கயிலைக்குச் செல்லும் காட்சி, முப்புரம் எரித்த பெருமானின் போர்க்கோலம், தில்லைக் கூத்தப்பிரானை அரசன் வழிபடும் காட்சி ஆகியவை பிற்பாடு ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. சிதம்பரத்து ஆடல்வல்லானைச் சோழ ஓவியன் தஞ்சைச் சுவரில் தீட்டி வைத்தான். அந்த ஓவியங்களைச் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரிலிருந்து சென்ற ஓர் ஆசிரியர் கண்டறிந்தார்.

வரலாற்று ஆசிரியர் காலத்தைச் சொன்னார். சுவரின் மேலுள்ள பொருள் எது என்று சொல்ல ஒரு வேதியியலாளர் தேவைப்பட்டார்.

ஒரு துணுக்கில் ஒரு வரலாறு

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டு ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பெற்றது. பழங்காலச் செப்புத் திருமேனிகள் அரித்துப் போகாமல் காப்பதே அதன் முதல் நோக்கம். அங்குப் பணியாற்றிய எஸ். பரமசிவன் சுவரோவியங்களின்பால் கவனம் செலுத்தினார். தஞ்சை ஓவியங்களின் தொழில்நுட்பம் பற்றிய அவரது கட்டுரை 1937இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாக் கலைக்கூடத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. காஞ்சிக் கைலாசநாதர் கோயில், சித்தன்னவாசல் முதலிய இடங்களின் ஓவியங்களையும் அவர் இவ்வாறே ஆராய்ந்தார். ஓவியத்தின் அழகை மட்டுமே பேசி வந்த காலத்தில், ஓவியத்தை ஒரு பொருளாகவும் பார்க்க வேண்டும் என்று நம் நாட்டில் காட்டிய முன்னோடி அவர்.

வேதியியலாளருக்குச் சுவரிலிருந்து கிடைப்பது நகக்கண் அளவு துணுக்குத்தான். ஏற்கெனவே உதிர்ந்து கிடப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. அதை வைத்துக்கொண்டு அக்கால ஆய்வாளர்கள் செய்த சோதனைகளைப் பள்ளி மாணவரும் புரிந்துகொள்ளலாம்.

வெள்ளைத் துகளின் மேல் ஒரு சொட்டு நீர்த்த அமிலம் இட்டால் நுரைத்துப் பொங்குகிறதா? அப்படியானால் அது சுண்ணாம்பு. பொங்குவது கரியமில வாயு. கறுப்புத் துகள் அமிலத்திலும் காரத்திலும் கரையாமல், சூடாக்கினால் எரிந்து மறைகிறதா? அது கரி. சிவப்புத் துகளைச் சூடான அமிலத்தில் கரைத்துப் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு சேர்த்தால் ஆழ்ந்த நீலம் தோன்றுகிறதா? அதில் இரும்பு இருக்கிறது. ஆகவே அது செங்காவி. பச்சையை அமிலத்தில் கரைத்து அம்மோனியா சேர்க்கும்போது கருநீலக் கரைசல் கிடைத்தால் அது செம்பு சேர்ந்த பச்சை. அவ்வாறு கிடைக்காமல் இரும்பு மட்டும் தென்பட்டால் அது பச்சை மண்ணாக இருக்கலாம். நீலத் துகள் அமிலம் பட்டதும் நிறம் வெளுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசினால் அது நீலக்கல்லின் தூள். வெளிவருவது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. மாறாக, நீலத்துகளைச் சூடாக்கும்போது செவ்வூதா நிற ஆவி எழுந்தால் அது அவுரியிலிருந்து எடுத்த நீலம்.

பரமசிவன் கண்ட முடிவு தெளிவானது. தஞ்சைச் சோழர் ஓவியத்தில் வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பழுப்புக்கும் காவி மண் வகைகள், பச்சைக்குப் பச்சை மண், நீலத்துக்கு லாப்பிசு லாசுலி என்னும் நீலக்கல். இவற்றைத் தனித்தும் கலந்தும் ஓவியர்கள் எல்லா வண்ணங்களையும் படைத்தனர். சித்தன்னவாசலிலும் ஏறத்தாழ இதே பட்டியல்தான் கிடைத்தது. இதில் மூலிகைச் சாறு ஒன்றுகூட இல்லை. கரி ஒன்றுதான் மரத்திலிருந்து வந்தது என்று சொல்லலாம்; அதுவும் எரிந்த பின்.

சுண்ணாம்பு செய்யும் வேலை

இந்தப் பட்டியல் ஏன் இவ்வளவு குறுகியது? சோழ ஓவியனுக்கு வேறு வண்ணங்கள் தெரியாதா? தெரிந்திருக்கும். ஆனால் சுண்ணாம்புச் சாந்து எல்லா வண்ணங்களையும் ஏற்றுக்கொள்வதில்லை.

ஈரமான சுண்ணாம்புச் சாந்தில் இருப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. இதன் தெளிந்த நீரின் கார அளவு ஏறத்தாழ 12.4. இந்தச் சாந்து காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. சாந்து ஈரமாக இருக்கும்போதே நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டினால், உருவாகும் படிகங்கள் வண்ணத் துகள்களைச் சுற்றி வளர்ந்து அவற்றைச் சிறைப்பிடித்து விடுகின்றன. பசையோ பிசினோ தேவை இல்லை. சுவரே பசை. இதனை ஈரச்சாந்து ஓவியம் எனலாம். இத்தாலிய ஓவியர்கள் கையாண்ட ஃபிரெஸ்கோ முறையும் இதுவே. தஞ்சைத் துணுக்குகளில் பசைப்பொருள் இருப்பதற்கான அடையாளம் காணாத பரமசிவன், சோழர் ஓவியம் இம்முறையில் தீட்டப்பட்டது என்று முடிவு செய்தார்.

இந்தக் காரச் சிறையில் வாழ வல்லவை காவி, பச்சை மண், கரி, நீலக்கல் போன்ற கனிமங்களே. காவியில் இருப்பது இரும்பு ஆக்சைடு; அதைக் காரம் ஒன்றும் செய்யாது. நீலக்கல் அமிலத்துக்கு அஞ்சும், காரத்துக்கு அஞ்சாது. வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் சலவை நீலத்தைக் கலப்பது நம் வழக்கம். அச்சலவை நீலத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த அல்ட்ராமரைன் என்பது நீலக்கல்லின் நிறப்பொருளைச் செயற்கையாகச் செய்ததே. பிரெஞ்சு நாட்டவரான கிமே என்பவர் அதைச் செய்யும் வழியை 1828இல் கண்டறிந்ததை வெளியிட்டார். சுண்ணாம்பில் அது கெடாமல் இருப்பதை நாம் வீட்டிலேயே காண்கிறோம்.

அப்படியானால் மூலிகை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? முற்றிலும் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. சோழமண்டலக் கரையின் துணிகளுக்கு நீலம் தந்தது அவுரி. சிவப்புத் தந்தது சாயவேர். பழைய தென்னார்க்காடு மாவட்டம் அவுரிச் சாகுபடிக்குப் பெயர்பெற்றது. ஆனால் துணிக்கு ஏற்றும் சாயம் வேறு. சுவரில் தீட்டும் நிறப்பொருள் வேறு. சாயம் கரைந்து நூலிழைக்குள் ஊடுருவுகிறது. நிறப்பொருள் கரையாத துகளாக மேற்பரப்பில் நிற்கிறது. துணிச்சாயத்தின் பெருமையை நாம் அறியாமல் சுவருக்கும் ஏற்றிச் சொல்லிவிட்டோம் போலும்.

தாவர நிறங்களும் சில ஓவியங்களில் உண்டு. சீன நாட்டு ஓவியர்கள் பட்டிலும் தாளிலும் தீட்டும்போது, அவுரி நீலத்துடன் 'காம்போஜ்' என்னும் மஞ்சள் மரப்பிசினைக் கலந்து புல்லின் பசுமையைப் பெற்றனர். காம்போஜ் என்ற பெயர் கம்போடிய நாட்டின் பெயரிலிருந்தே வந்தது. கேரளச் சுவரோவியங்களிலும் அவுரியும் மஞ்சள் பிசினும் கலந்த பச்சை உண்டு. அங்கெல்லாம் வண்ணம் பசையுடன் சேர்த்து, உலர்ந்த பரப்பின் மேல் தீட்டப்பட்டது. ஆகவே, தாவரமா கனிமமா என்பது ஓவியனின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. எதன் மேல், எம்முறையில் தீட்டுகிறான் என்பதையும் பொறுத்தது.

கலவையின் கணக்கு

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறோம். சுவரில் ஒரு பச்சை தெரிகிறது. அது பச்சை மண்ணாக இருக்கலாம். மஞ்சள் காவியும் நீலக்கல்லும் கலந்ததாக இருக்கலாம். அவுரியும் மஞ்சள் பிசினும் கலந்ததாகவும் இருக்கலாம். மூன்றும் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தோன்றும்படி செய்ய முடியும். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் ஏன் பச்சை பிறக்கிறது?

மஞ்சள் ஒளியையும் நீல ஒளியையும் ஒரு வெண்திரையில் ஒன்றன்மேல் ஒன்று விழச் செய்தால் பச்சை கிடைப்பதில்லை. ஏறத்தாழ வெண்மையே கிடைக்கும். ஒளிகள் கூடுகின்றன. நிறப்பொருள்கள் கலக்கும்போது நடப்பது வேறு. அங்கு ஒளி ஒரு துகளில் பட்டுச் சிதறி, அடுத்த துகளில் பட்டு, மீண்டும் சிதறி வெளிவருகிறது. ஒவ்வொரு துகளும் தனக்குரிய அலைநீளங்களை உட்கவர்ந்து கொள்கிறது. இரண்டு துகள்களும் விட்டுவைத்த ஒளியே நம் கண்ணை வந்தடைகிறது.

இதற்கு ஓர் எளிய கணக்கை குபெல்கா, முங்க் என்னும் இருவர் வெளியிட்டனர். அதுவும் தஞ்சை ஓவியம் கண்டறியப்பட்ட அதே 1931ஆம் ஆண்டில்தான். ஒரு தடித்த வண்ணப்பூச்சு ஓர் அலைநீளத்தில் விழும் ஒளியில் R என்னும் பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்று கொள்வோம். ஒன்றிலிருந்து R-ஐக் கழித்து, வந்ததை இருமடி ஆக்கி, அதை R-இன் இரு மடங்கால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண் உட்கவர்தலுக்கும் சிதறலுக்கும் உள்ள விகிதம். கலவையில் R-களைச் சராசரி எடுக்கக் கூடாது; இந்த விகிதங்களைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு பொருள்களும் ஒரே அளவில் ஒளியைச் சிதறச் செய்வனவாக எளிமைக்காகக் கொள்வோம்.

ஒரு நீலப்பொடி நீல ஒளியில் 60 விழுக்காடும், பச்சை ஒளியில் 30 விழுக்காடும், சிவப்பு ஒளியில் 5 விழுக்காடும் திருப்பி அனுப்புகிறது என்க. ஒரு மஞ்சள் பொடி நீலத்தில் 5, பச்சையில் 50, சிவப்பில் 60 விழுக்காடு அனுப்பட்டும். 60 விழுக்காட்டுக்கு உரிய விகிதம் 0.13, 5 விழுக்காட்டுக்கு உரியது 9.03. சம அளவு கலந்தால் நீலத்திலும் சிவப்பிலும் சராசரி விகிதம் 4.58 ஆகிறது. பச்சையில் நீலப்பொடியின் விகிதம் 0.82, மஞ்சள் பொடியின் விகிதம் 0.25, சராசரி 0.53. இவற்றை மீண்டும் R ஆக மாற்றினால் நீலத்தில் 9 விழுக்காடு, பச்சையில் 37 விழுக்காடு, சிவப்பில் 9 விழுக்காடு கிடைக்கின்றன. பச்சை தனித்து ஓங்கி நிற்கிறது. வெறும் சராசரி எடுத்திருந்தால் 32.5, 40, 32.5 என்று மங்கிய சாம்பல்தான் விடையாக வந்திருக்கும்.

இக்கணக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. ஒன்று, கலவையில் உட்கவரும் பொருளின் கையே ஓங்குகிறது. வெள்ளையில் ஒரு சிட்டிகை கரி எவ்வளவு கருமையூட்டுகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். மற்றொன்று, விடையான 9, 37, 9 என்ற எண்களை மட்டும் பார்த்து அவை எந்தப் பொடிகளிலிருந்து வந்தன என்று சொல்ல முடியாது. கண் காண்பது விடையை மட்டுமே.

கண் ஏமாறும் இடம் இன்னும் ஒன்று உண்டு. கரியின் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அது நீலச் சாயலாகத் தெரியும். நுண்ணிய வெண்துகள்கள் குறைந்த அலைநீளமுள்ள ஒளியையே மிகுதியாகச் சிதறச் செய்வதுதான் காரணம். அருகில் காவிச் சிவப்பும் மஞ்சளும் சூழ்ந்திருந்தால் வெறும் சாம்பல் நிறமும் நீலமாகத் தோன்றும். விலையுயர்ந்த நீலக்கல் என்று எண்ணிய இடத்தில் அடுப்புக் கரியும் சுண்ணாம்பும் இருக்கக்கூடும். இது ஓவியனின் ஏமாற்று அன்று, அவனது திறமை.

நீலம் எது என்பது வெறும் ஆர்வத்துக்குரிய வினா அன்று. பழங்காலத்தில் நீலக்கல்லின் பெரும் சுரங்கங்கள் இருந்த இடம் ஆப்கானிஸ்தானின் வடகிழக்கே உள்ள பதக்‌ஷான். தஞ்சையிலிருந்து வான்வழியே அளந்தாலும் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். சோழ நாட்டுச் சுவரில் உள்ள ஒரு நீலத்துகள், மலைகளையும் பாலைகளையும் கடந்து வந்த வணிகத்துக்குச் சான்று ஆகிறது. அதையே கரியும் சுண்ணாம்பும் என்று கண்டால் அந்தச் சான்று மறைந்துவிடும்.

இன்றைய கருவிகள்

பரமசிவன் காலத்துச் சோதனைகளில் ஒரு குறை உண்டு. துணுக்கை அமிலத்தில் கரைத்துவிட்டால் எது எங்கே இருந்தது என்பது தெரியாமல் போகும். பச்சைத் துணுக்கில் இரும்பும் நீலக்கல்லும் கிடைத்தால், இரண்டும் கலந்து தீட்டப்பட்டனவா, மஞ்சளின் மேல் நீலம் தீட்டப்பட்டதா? இதற்கு விடை காணத் துணுக்கைப் பிசினில் பதித்து, குறுக்காக வெட்டி, மெருகிட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அடியில் பரும்சாந்து, அதன்மேல் நுண்சாந்து, அதன்மேல் வண்ணம் என்று அடுக்குகள் தெரிகின்றன. கலவையாயின் நீலத் துகளும் மஞ்சள் துகளும் அருகருகே கிடக்கும். பூச்சின்மேல் பூச்சாயின் தனித்தனி வரிகளாகத் தெரியும்.

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி துணுக்கு எதுவும் எடுக்காமலே சுவரிலுள்ள தனிமங்களைச் சொல்கிறது. கையில் பிடித்துச் செல்லும் அளவுக்கு அது சிறிதாகிவிட்டது. பாதரசம் தென்பட்டால் சாதிலிங்கம், ஆர்செனிக் தென்பட்டால் அரிதாரம் என்று உய்த்துணரலாம். ஆனால் செங்காவி, மஞ்சள் காவி, பச்சை மண் மூன்றும் 'இரும்பு' என்ற ஒரே விடையைத்தான் தரும். நீலக்கல்லில் உள்ள சோடியம், அலுமினியம், சிலிக்கன், கந்தகம் ஆகியவை எடை குறைந்த தனிமங்கள். அவற்றின் மெல்லிய கதிர்களைக் காற்றே விழுங்கிவிடும். அவுரியும் கரியும் அக்கருவியின் கண்ணுக்குப் படுவதே இல்லை. தஞ்சை போன்ற இடத்தில் மற்றொரு தொல்லையும் உண்டு. கதிர் மேற்பூச்சைத் துளைத்துக் கீழுள்ள பூச்சையும் தொடுவதால், கிடைத்த செய்தி நாயக்கர் வண்ணத்துக்கு உரியதா, சோழர் வண்ணத்துக்கு உரியதா என்ற ஐயம் எழும்.

இவ்விடத்தில் கைகொடுப்பது இராமன் விளைவு. திருச்சிராப்பள்ளிக்கு அருகில் பிறந்த சர் சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் கல்கத்தாவில் கண்டறிந்தது அது. ஒற்றை நிற ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் ஒரு மிகச்சிறு பகுதி தன் நிறத்தைச் சற்றே மாற்றிக்கொண்டு வருகிறது. எவ்வளவு மாற்றம் என்பது அப்பொருளின் மூலக்கூறுகள் அதிரும் விதத்தைப் பொறுத்தது. இராமன் சூரிய ஒளியையும் பாதரச விளக்கையும் பயன்படுத்தினார். இன்று லேசர் பயன்படுகிறது. லேசர்ப் புள்ளியை நுண்ணோக்கி வழியே ஒரே ஒரு துகளின் மேல் குவிக்கலாம். நீலக்கல் என்றால் ஏறத்தாழ 548 என்னும் அலை எண்ணில் ஒரு வலுவான கோடு எழும். அது மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்த அயனியின் கையெழுத்து. நீலக்கல்லுக்கு நிறம் தருவதும் அந்த அயனியே. கரியானால் 1350, 1580 என்னும் எண்களை ஒட்டி இரண்டு அகன்ற மேடுகள். சுண்ணாம்புக் கல்லானால் 1086. இரும்பு என்று மட்டும் சொல்லி நின்றுவிடாமல், செங்காவியையும் மஞ்சள் காவியையும் இக்கருவி வேறு பிரித்துக் காட்டும். கலவையைக் கலைக்காமலே அதன் உறுப்புகளைப் பெயர் சொல்லி அழைக்கும் முறை இது.

இயற்பியலாளர் கண்ட ஒளிச்சிதறல் இன்று ஓவியங்களைப் படிக்கும் கருவியாகிவிட்டது. பிற்காலத்தவர் கைவைத்த இடங்களையும் அது காட்டிக்கொடுக்கும். டைட்டானியம் வெள்ளை இருபதாம் நூற்றாண்டில்தான் வண்ணமாகப் பயன்பாட்டுக்கு வந்தது. பழைய ஓவியத்தில் அது தென்பட்டால் அவ்விடம் அண்மைக் காலத்தில் திருத்தப்பட்டது என்பதில் ஐயமில்லை.

தெரியாமல் தொட்டால்

இவ்வளவு ஆராய்ச்சியும் எதற்கு என்று கேட்கலாம். அசந்தா நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. அங்கு ஓவியங்கள் தஞ்சையைப் போலச் சுண்ணாம்புச் சாந்தில் இல்லை. மண் சாந்தின் மேல் பசை கலந்து தீட்டப்பட்டவை. 1920ஆம் ஆண்டை ஒட்டி நிஜாம் அரசு இத்தாலிய வல்லுநர்களை வரவழைத்து அவற்றைப் பாதுகாக்க முயன்றது. நல்ல எண்ணத்துடன்தான் செய்தனர். ஓவியங்களின் மேல் அரக்கு வார்னிஷ் பூசப்பட்டது. காலப்போக்கில் அவ்வார்னிஷ் மஞ்சளாகிக் கருத்தது. வெண்மை மஞ்சளாயிற்று, நீலம் பச்சை சாய்ந்தது. ஓவியன் கலக்காத ஒரு வண்ணத்தைப் பாதுகாத்தவர்கள் கலந்துவிட்டனர். அதை அகற்றத் தொல்பொருள் துறையின் வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியதாயிற்று.

ஈரச்சாந்து ஓவியத்தில் துகள்கள் சுண்ணாம்புப் படிகத்துக்குள் இருப்பதால் அதை நீர் கொண்டு கவனமாகத் துடைக்க இடமுண்டு. பசையால் ஒட்டிய வண்ணத்தை அவ்வாறு துடைத்தால் வண்ணமே துணியோடு வந்துவிடும். நீலக்கல் உள்ள இடத்தில் அமிலம் படக் கூடாது. ஒரே சுவரில் ஒரு பகுதி ஈரச்சாந்திலும், பின்னர் சேர்த்த நுண்வேலைப்பாடு உலர்ந்த பரப்பிலும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியே அறிந்த பின்னரே கைவைக்க வேண்டும். "எல்லாம் மூலிகை" என்று நம்புகிறவர் எந்த இடத்தையும் சோதிக்கமாட்டார். அந்த நம்பிக்கையின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

தஞ்சையில் தொல்பொருள் துறையினர் பொறுமையுடன் ஒரு செயலைச் செய்தனர். கீழேயுள்ள சோழர் ஓவியத்தை வெளிக்கொணர நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டி எறியவில்லை. மேற்பூச்சைச் சாந்தோடு சேர்த்துப் பகுதி பகுதியாகப் பெயர்த்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகைகளில் பொருத்தினர். இரண்டு காலத்து ஓவியங்களும் காப்பாற்றப்பட்டன. எந்தச் சாந்து எதனோடு எவ்வாறு ஒட்டியிருக்கிறது என்ற அறிவு இல்லாமல் இச்செயல் கைகூடியிருக்காது.

எல்லாக் கோயில் ஓவியங்களுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. திருப்பணியின்போது பழைய ஓவியத்தின் மேல் வெள்ளையடித்ததும், கடையில் வாங்கிய வண்ணத்தால் 'புதுப்பித்ததும்' தமிழகத்தில் எத்தனையோ இடங்களில் நடந்திருக்கின்றன. தஞ்சையின் உட்சுற்றுப்பாதைக்குள் பொதுமக்கள் செல்ல இயலாது. ஆனால் சிதம்பரம் கோயிலில் சிவகாமியம்மன் சந்நிதி மண்டபத்தின் மேல்தளத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் இருக்கின்றன. அங்குச் செல்லும் மாணவர்கள் ஒரு முறை அண்ணாந்து பார்த்து, இந்தச் சிவப்பு எந்த மண், இந்தப் பச்சை ஒரு பொருளா இரு பொருளா என்று தமக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் செய்யத்தக்க ஒரு சோதனையும் உண்டு. கடையில் மஞ்சள் காவி சிறிது வாங்குங்கள். அது கலப்படமற்ற மண்ணாக இருக்க வேண்டும். பெரியவர் ஒருவரின் துணையுடன் பழைய இரும்புக் கரண்டியில் இட்டு நன்றாகச் சூடாக்குங்கள். நீர்ச்சத்து வெளியேறி மஞ்சள் சிவப்பாகிவிடும். மஞ்சள் காவி செங்காவியாக மாறிவிட்டது. ஆறிய பின் அதைச் சுண்ணாம்பு நீரில் குழைத்து ஓர் ஓட்டின் மேல் தீட்டுங்கள். பக்கத்தில் மஞ்சள் கிழங்கின் பொடியையும் அவ்வாறே குழைத்துத் தீட்டுங்கள். இரண்டும் சிவப்பாகவே இருக்கும். ஓட்டைச் சில வாரங்கள் வெயிலில் வைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். எந்தச் சிவப்பு நின்றது, எது வெளுத்தது என்பதைப் பார்த்தால், சோழ ஓவியன் மண்ணைத் தேர்ந்ததன் காரணம் விளங்கும்.